மேசைக் கணினியா, போனா? ஒரு சிறு வணிகம் தன் கணக்கை எங்கே வைப்பது

கல்முனையிலோ ஏறாவூரிலோ ஒரு மொத்தக் கடையின் கணக்கு மேசையைப் பார்த்தால், பெரும்பாலும் வெளிநாட்டில் பாவித்து இங்கே இறக்கிய கணினி ஒன்றுதான் நிற்கும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 அல்லது 3020. உள்ளே மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை இன்டெல் சில்லு. அதில் வின்டோஸ் 10. அந்த வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டன. ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 இரண்டின் ஆதரவும் அதே நாளில் முடிந்தது. தனியார் பாவனைக் கணினிகளுக்கு ஓராண்டு நீடிப்பு உண்டு: மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். அதுவும் 2026 ஒக்டோபர் 13 வரைதான்.

பணம் செலவழித்தே ஆகவேண்டும் என்று வந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எல்லா வேலையும் போனில் நடக்கும்போது இனிக் கணினி எதற்கு? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எந்தக் கருவி என்று தொடங்கினால் விடை பிழைக்கும். கணக்குக் கோப்பு எங்கே இருக்கப்போகிறது, யார் யார் அதைத் திறந்து எழுதப்போகிறார்கள் என்று தொடங்கவேண்டும்.

சம்மாந்துறைப் பக்கத்து நடுத்தர நெல் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலையில் ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு கணினி. அறுவடைக் காலத்தில் வட்டைகளுக்குள் (வயல்வெளிகளுக்குள்) போய் நெல் கொள்வனவு செய்யும் இரண்டு பேர், கையில் அன்ட்ரொய்ட் போன். உரிமையாளர் கொழும்பிலோ காத்தான்குடியிலோ நின்றபடி அன்றைய கணக்கைப் பார்க்க விரும்புகிறார். முன்னால் நான்கு வழிகள்: புதிய வின்டோஸ் கணினியும் ஒருமுறை வாங்கும் ஒபிஸும், மாதக் கட்டணத்தில் மைக்ரோசொப்ட் 365, போனிலேயே கூகுள், பழைய கணினியில் வின்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ்.

போனைக் கோட்டைவிட்ட கொம்பனியை நம்பலாமா

போன் உலகத்துக்கு மைக்ரோசொப்ட் பிந்தி வரவில்லை. கைக்கணினிகளுக்கான வின்டோஸ் சிஈ 1996இலேயே வெளிவந்தது. பொக்கெட் பிசி 2000இல் வந்தது. ஆனால் அவை மேசைக் கணினியின் தொடக்கப் பொத்தானையும் பட்டியலையும் சிறு திரைக்குள் ஒடுக்கி, குச்சியால் குத்தி வேலை வாங்கின. 2007இல் ஐபோன் விரலுக்கென்றே செய்யப்பட்டு வந்தது. 2008இல் முதல் அன்ட்ரொய்ட் போன் வந்தது; அன்ட்ரொய்டுக்கு போன் தயாரிப்பாளர் உரிமக் கட்டணம் கட்டத் தேவையில்லை. மைக்ரோசொப்ட் அப்போதும் ஒவ்வொரு போனுக்கும் கட்டணம் கேட்டது. 9 அங்குலத்துக்குக் குறைந்த கருவிகளுக்கு வின்டோஸ் இலவசம் என்று 2014 ஏப்ரலில் அறிவித்தபோது சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

அதைவிடப் பெரிய சேதம், அடித்தளத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியது. 2010இல் வந்த வின்டோஸ் போன் 7இல் பழைய வின்டோஸ் மொபைல் செயலிகள் ஓடவில்லை. 2012இல் வந்த வின்டோஸ் போன் 8, பதிப்பு 7 இருந்த போன்களில் ஏறவில்லை. பின்னர் வின்டோஸ் 10 மொபைல் வந்தபோது, அதிகம் விற்ற லூமியா 520 அதன் 512 எம்பி நினைவகத்தால் பட்டியலுக்கு வெளியே நின்றது. போன் வாங்கியவரும் செயலி எழுதியவரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. யூடியூப், ஜிமெயில் செயலிகளை கூகுள் அந்தப் போன்களுக்குச் செய்து கொடுக்கவும் இல்லை. நொக்கியாவின் போன் பிரிவை 700 கோடி டொலருக்கு மேல் கொடுத்து 2014 ஏப்ரலில் கையேற்ற மைக்ரோசொப்ட், 2015 ஜூலையில் 760 கோடி டொலரை நட்டமாக எழுதித் தள்ளி, 7,800 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு திருப்பம்தான் நமக்கு முக்கியம். 2014 பெப்ரவரியில் சத்ய நாதெல்லா தலைமைக்கு வந்தார். மார்ச் 27ஆம் திகதி வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் மூன்றும் ஐபாடில் இறங்கின. அடுத்த ஆண்டு அன்ட்ரொய்ட் போன்களுக்கும் வந்தன. தன் போனை விற்கமுடியாது என்று கண்ட கொம்பனி, அடுத்தவன் போனில் தன் சரக்கை வைத்து, மாதக் கட்டணத்தையும் மேகத்தையும் வருமானமாக்கியது. அந்த வழியில் நன்றாகவே நிமிர்ந்தது.

ஆகவே இன்னும் பத்து ஆண்டுகளில் எக்செல் அன்ட்ரொய்டிலிருந்து காணாமல் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. அதுதான் அவர்களுடைய பிழைப்பு. 1997ஆம் ஆண்டு எக்செலில் செய்த கோப்பு இன்றைய எக்செலிலும் திறக்கும். ஆனால் மேசைக்கும் போனுக்கும் நடுவே பாலமாகக் கொண்டுவந்த பொருட்களின் ஆயுள் குறைவு. குரலுக்குப் பதில் சொல்லும் கோர்ட்டானா போன் செயலி 2021இல் மூடப்பட்டது. வின்டோஸ் 11இல் அன்ட்ரொய்ட் செயலிகளை ஓட்டும் வசதி 2025 மார்ச் 5ஆம் திகதி நிறுத்தப்பட்டது. இரண்டு மாதத்தில் ஸ்கைப்பும் போனது. அந்த வகை வசதியை நம்பி ஆலையின் அன்றாட வேலை முறையை அமைக்கவேண்டாம். கூகுளும் இதில் சளைத்ததல்ல. போனிலிருந்து எந்தப் பிரிண்டருக்கும் அனுப்பவைத்த கிளவுட் பிரிண்ட் சேவையை 2020 டிசம்பர் 31ஆம் திகதி மூடியது.

புதிய கணினி, ஒருமுறை வாங்கும் ஒபிஸ்

கணக்கு ஒரே மேசையில், ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்துக்கு இன்னமும் இதுவே நல்ல வழி. வின்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசை முதற்கொண்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு தேவை. 4 ஜிபி பெயருக்குத்தான். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாத கணினியை வாங்கவேண்டாம். பாவித்த கணினியில் ஒப்டிபிளெக்ஸ் என்றால் 3060, 5060, 7060 தொடக்கம், திங்சென்டர் என்றால் எம்720 தொடக்கம் பாருங்கள். “வின்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்” என்று 7010ஐ விற்பார்கள். வின்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டுவிடலாம்; ஆனால் ஆதரவில்லாத அந்தக் கணினிக்குத் தொடர்ந்து திருத்தம் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. வாங்குமுன் கடையிலேயே சில்லின் எண்ணை வாசியுங்கள். ஐ5க்குப் பின்னால் 8இலோ 9இலோ தொடங்கும் நான்கு இலக்கம், அல்லது 10, 11, 12 என்றோ அதற்கு மேலோ தொடங்கும் ஐந்து இலக்கம் இருக்கவேண்டும்.

ஒபிஸ் 2024இல் ஹோம் என்றும், ஹோம் அன்ட் பிசினஸ் என்றும் இரண்டு உண்டு. வணிகத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதன் ஆதரவு 2029 ஒக்டோபர் வரை. மாதக் கட்டணம் இல்லை என்பது சின்ன விடயமல்ல: 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை எந்த வியாபாரியும் மறந்திருக்கமாட்டார். டொலரில் வாடகை கட்டுகிறவருக்கு ஏற்றம் இரு பக்கத்தாலும் வரும். மைக்ரோசொப்ட் 365 தனியார் திட்டமே அமெரிக்காவில் 2025 ஜனவரியில் மாதம் 6.99 டொலரிலிருந்து 9.99 டொலரானது.

குறை எங்கே? ஒருமுறை வாங்கும் பதிப்பில் தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. வட்டைக்குப் போனவர் எழுதிவரும் கணக்கைக் கணக்கப்பிள்ளை மறுபடி தட்டவேண்டும். பெரும்போக அறுவடை உச்சத்தில் ஒரு நாளைக்கு இருநூறு வரி என்றால், பிழை விழுவது அந்தத் தட்டலில்தான். காப்புப் பிரதியும் உங்கள் பொறுப்பு. இரண்டு வெளித்தட்டு வைத்து மாற்றி மாற்றிப் பிரதி எடுங்கள். ஒன்று எப்போதும் ஆலைக்கு வெளியே, மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மைக்ரோசொப்ட் 365

கணினியிலும் போனிலும் ஒரே எக்செல் கோப்பு; இதுதான் இதன் கவர்ச்சி. ஆலைக்கு என்றால் கணக்கப்பிள்ளைக்கு பிசினஸ் ஸ்டான்டர்ட், வட்டைக்குப் போகிறவர்களுக்கு பிசினஸ் பேசிக் போதும். பேசிக்கில் இணையப் பதிப்பும் போன் பதிப்பும் மட்டும் உண்டு. போனில் இலவசமாகவே திருத்தமுடிகிறதே என்பார்கள். முடியும், ஆனால் அந்த உரிமம் சொந்தப் பாவனைக்கானது. திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை: 11 அங்குல டப் வாங்கிவிட்டு, கோப்பு பார்க்கமட்டும் திறக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதன் காரணம் இதுதான்.

போன் எக்செலில் மக்ரோ, அதாவது கோப்புக்குள் எழுதிவைத்த தானியங்கிக் கட்டளை, ஓடாது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த, ஒரு பொத்தானை அழுத்தினால் பில் வரும் அந்தப் பழைய எக்செல் கோப்பு போனில் திறக்கும், பொத்தானும் தெரியும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இணைய எக்செலிலும் அப்படியே. அக்செஸில் செய்த தரவுத்தளத்துக்குப் போன் பதிப்பே கிடையாது.

இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்கக் கடினமானது சிக்னல். படுவான்கரைப் பக்கத்து வட்டைகளில் இணைப்பு விட்டு விட்டுத்தான் வரும். மைக்ரோசொப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவின் போன் செயலியில் ஒரு கோப்பை இணைப்பில்லாமல் பார்க்க என்று குறித்துவைத்தால், அது வாசிக்கமட்டுமான பிரதி. இணைப்பில்லாதபோது அதைத் திருத்தினால் புதுக் கோப்பாகச் சேமிபடும். மூலக் கோப்பு மாறாது. கொள்வனவு செய்தவர் எழுதிவிட்டேன் என்பார், கணக்கப்பிள்ளை வரவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை. நாள் முடிவில் ஒரே பெயரில் மூன்று கோப்பு இருக்கும்.

கணினியில் இன்னொரு பொறி: வின்டோஸ் 11 நிறுவும்போது, திரை முகப்பு, ஆவணங்கள், படங்கள் மூன்றையும் ஒன்டிரைவுக்கு ஏற்ற ஒப்புக்கொண்டுவிடுவார்கள். இலவசக் கணக்கில் இடம் 5 ஜிபிதான். திரை முகப்பில் யாரோ போட்டுவைத்த கலியாண வீட்டு வீடியோ ஒன்றே அதை நிரப்பிவிடும். அதன்பின் ஒத்திசைவு நிற்கும். எக்செல் கோப்பு கணினியில் மாறிக்கொண்டேயிருக்கும். உரிமையாளரின் போனில் போன கிழமைக் கணக்கே நிற்கும். பணிப்பட்டையின் வலது மூலையில் உள்ள மேகக்குறியில் சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று தினமும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

போனிலேயே கூகுள்

வட்டைக் கொள்வனவுக்கு மட்டும் பார்த்தால் இதுவே முந்துகிறது. எக்செல் போன்ற கூகுள் ஷீட்ஸ் செயலியில் கோப்பின் மூன்று புள்ளியைத் தொட்டு, இணைப்பின்றிக் கிடைக்கச் செய்தால், இணைப்பில்லாத நேரத்தில் எழுதியது போனில் தங்கி, சிக்னல் வந்ததும் அதே கோப்பில் போய்ச் சேரும். கூகுள் போர்ம்ஸில் படிவம் செய்து கொடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். போர்ம்ஸுக்கு இணைப்பு வேண்டும், வட்டைக்கு உதவாது.

அமைக்கும் முறையில்தான் வெற்றி இருக்கிறது. இணைப்பில்லாமல் இரண்டு பேர் ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் வந்து சேர்ந்தது நிற்கும், முன்னது அழியும். ஆகவே கொள்வனவு செய்கிற ஒவ்வொருவருக்கும் தனி ஷீட் கோப்புக் கொடுங்கள். நிரல்கள் ஏழு போதும்: திகதி, விவசாயி இலக்கம், மூடை, மொத்த நிறை, சாக்கு நிறைக் கழிவு, ஈரப்பதம், விலை. ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் நிறம் மாறும்படி நிபந்தனை போட்டுவைத்தால், விலை பேசும்போதே கண்ணில் படும். ஆலையில் உள்ள முதன்மை ஷீட், இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரத்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். முதல் தடவை அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் பிழைச்செய்திதான் வரும். கணினியில் ஒருமுறை அழுத்திவிட்டால் சரி.

திகதியைக் கவனியுங்கள். ஷீட்டின் இட அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். நீங்கள் நினைத்தது ஏப்ரல் 3. 13ஆம் திகதி முதல் எழுதியவை திகதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி நிற்கும். கணினியில் கோப்பு அமைப்புக்குள் போய் இடத்தை ஐக்கிய இராச்சியம் என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆயிரம் வரி ஏறிய பிறகு மாற்றுவது பெரும் தலையிடி.

இடம் 15 ஜிபி. ஆனால் ஜிமெயில், போட்டோஸ், அன்ட்ரொய்ட் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி எல்லாம் அதற்குள்தான். குடும்பக் குழுக்களின் வீடியோவே அதை நிரப்பும். நிரம்பினால் மின்னஞ்சலும் வராது. அதனால் வேலைக்குத் தனிக் கணக்குத் திறக்கவேண்டும். அந்தக் கணக்கின் மீட்பு இலக்கம் உரிமையாளருடையதாக இருக்கவேண்டும். கணக்கப்பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் கோப்பு இருந்து, அவர் கட்டாருக்குப் போய், அந்த சிம்மும் செயலிழந்தால், இரகசியக் குறியீடு போகும் இடம் யாருக்கும் எட்டாது.

போன் மட்டுமே போதும் என்று விடவும் முடியாது. நாற்பது நிரல் ஆண்டு முடிவுக் கணக்கை ஆறங்குலத் திரையில் சரிபார்க்கிறவர் பிழையைக் காணமாட்டார்.

பழைய கணினியில் லினக்ஸ்

7010ஐ எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பும், ஒபிஸுக்குப் பதிலான லிப்ரே ஒபிஸும் நன்றாக ஓடும், செலவில்லை. எக்செல் மக்ரோக்கள் பலவும் வின்டோஸுக்கென்றே எழுதிய பில் மென்பொருளும் ஓடா. கூகுள் ஷீட்ஸைப் பெரிய திரையில் பார்க்க அது தாராளமாகப் போதும். கொம்பனி விற்ற உரிமச் சாவி இல்லாமல் வின்டோஸையும் ஒபிஸையும் உடைத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். உடைக்கும் கருவிகள் முதலில் கேட்பதே வைரஸ் காப்பை நிறுத்து என்றுதான்.

பாமினியும் பிரிண்டரும்

எந்த வழியில் போனாலும் முட்டுகிற இடம் இரண்டு. நம் பக்கத்துக் கடைகளின் பழைய கடிதங்கள், விலைப்பட்டியல்கள், உறுதிப் பிரதிகள் பெரும்பகுதி பாமினியில் தட்டியவை. பாமினி வெறும் எழுத்துரு வேடம்: கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி உள்ள கணினி அவற்றைத் தமிழ்போல வரைகிறது. போனில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் தெரியும். பெயரால் தேடினாலும் கிடைக்காது. போனுக்குப் போகுமுன் யூனிகோடுக்கு மாற்றியாகவேண்டும். மாற்றியில் முழுக் கோப்பையும் ஒட்டவேண்டாம். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல், அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து இருந்தால் அவையும் தமிழாகச் சிதையும். பந்தி பந்தியாக மாற்றி, இலக்கங்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாகத் தட்டுவதை வின்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகையில் தொடங்குங்கள். போனில் யூனிகோட் தவிர வேறு இல்லை. கணினியில் லதா எழுத்துருவில் அமைத்த பக்கம் போனின் எழுத்துருவில் வரி நீண்டு அடுத்த பக்கத்துக்கு வழியும். வெளியே அனுப்புவதை பீடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

பிரிண்டரில், யூஎஸ்பி மட்டும் உள்ள கெனன் எல்பிபி6030 போன்றவை போனிலிருந்து நேரே அச்சிடா. வைபை உள்ள 6030டபிள்யூ வகை வேண்டும். மூன்று தாள் காபன் பில் அடிக்கும் எப்சன் ஊசிப் பிரிண்டர் கணினி இல்லாமல் வேலைக்கு ஆகாது. வட்டையிலேயே துண்டு கொடுக்க 58 மில்லிமீட்டர் புளூடூத் வெப்பப் பிரிண்டர் போதும்; ஆனால் அந்த எழுத்து வெயிலிலும் சட்டைப்பை வியர்வையிலும் மங்கும். விவசாயி பணம் வாங்கும்வரை வைத்திருக்கவேண்டிய துண்டுக்கு அது சரிவராது.

எதைத் தெரிவது

இந்த ஆலைக்கு எங்கள் தெரிவு கலப்பு: வட்டையில் கூகுள் ஷீட்ஸ், ஆலையில் வின்டோஸ் 11 கணினி ஒன்று, அதில் ஒருமுறை வாங்கிய ஒபிஸ். ஒவ்வொரு நாள் மாலையும் முதன்மை ஷீட்டை எக்செல் கோப்பாக இறக்கி, திகதியைப் பெயராக வைத்துக் கணினியில் சேமித்தால், கூகுள் கணக்குக்கு என்ன ஆனாலும் நேற்றுவரை கையில் இருக்கும். எல்லாரும் எப்போதும் இணைப்பில் இருக்கிற இடத்துக்கு, உதாரணமாக மட்டக்களப்பு நகரத்தில் இரண்டு கிளை வைத்த மருந்துக் கடைக்கு, மைக்ரோசொப்ட் 365 பிசினஸ்தான் பொருத்தம். அங்கே எக்செலின் பலத்துக்கு ஈடில்லை, வாடகையும் நியாயம். தனி ஆளாக நடத்தும் தையல் கடைக்கோ மீன் வாடிக்கோ போனும் தனி கூகுள் கணக்கும் தாராளம், கணினி வாங்கவேண்டாம்.

மாற்றத்தைச் சிறுபோக நெல் முடிந்து பெரும்போக அறுவடை தொடங்குமுன் உள்ள இடைவெளியில் செய்யுங்கள். ஒரு மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடட்டும். கிழமை முடிவில் மொத்த மூடையும் மொத்தப் பணமும் இரண்டிலும் ஒத்துவராவிட்டால், முதலில் திகதி நிரலைப் பாருங்கள், அடுத்தது சாக்குக் கழிவு. வட்ஸ்அப்பில் எக்செல் கோப்பு அனுப்புவதை அன்றே நிறுத்துங்கள். இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புங்கள். கோப்பாக அனுப்பிய ஒவ்வொன்றும் தனிப் பிரதி, அதில் திருத்தியது மூலத்துக்கு வராது. பழைய கணினியை விற்பதானால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்தாலும் மீட்கக்கூடிய வாடிக்கையாளர் விபரம் அதில் இருக்கிறது. பாமினிக் கோப்புகளின் மூலமும் அங்கேதான், மாற்றும்போது விட்ட பிழை ஒரு வருடம் கழித்து வெளிப்பட்டால் தேடவேண்டியது அதைத்தான்.